கிராம புனருத்தாரணமும் தொழிற்பேட்டையும்

கிராம புனருத்தாரணம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. 1946-ல் சென்னை சர்க்கார் பிர்க்கா அபிவிருத்தித் திட்டத்தை ஆரம்பித்த நாள் முதல், ஒவ்வொரு மந்திரிசபையும் அதை உச்சரித்தே வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் விவசாயத்துக்கென முதன்முதலாகத் தனி பட்ஜெட் சமர்ப்பிக்கப்பட்டது. அதையொட்டிப் பிறந்த அனைத்துக் கிராம வேளாண் வளர்ச்சித் திட்டத்தின் நோக்கங்களுள், தரிசைத் திருத்திச் சாகுபடிக்குக் கொண்டுவருவதும் ஒன்று. நல்ல நோக்கந்தான்.

ஆனால் கிருஷ்ணகிரி ஜில்லாவில் நடப்பது என்ன? ஓசூரை அடுத்த உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஆகிய ஊர்களின் குடியானவர்கள் 2023 ஜனவரியில் வயலை விட்டு வந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சிப்காட்டின் ஐந்தாவது பேட்டைக்கென 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சர்க்கார் எடுக்க முற்பட்டதே காரணம். அவை தரிசல்ல. கேழ்வரகும் தக்காளியும் கோஸும் ரோஜாவும் விளையும் பூமி. தரிசைத் திருத்தப் பணம் ஒதுக்கும் சர்க்காரே விளையும் நிலத்தைத் தரிசாக்க முனைவது எந்தப் பொருளாதார சாஸ்திரம்?

நாம் யந்திரத் தொழிலுக்கு விரோதிகளல்லர். 1970-களில் ஓசூருக்குச் சிப்காட் வந்திராவிடில், அந்த வறண்ட எல்லைத் தாலுகாவின் வாலிபர்கள் பிழைப்புக்கு வேற்றூரைத்தான் நாடியிருப்பார்கள். இதை மறுப்பவர் உண்மையை மறுப்பவர். நாம் ஆட்சேபிப்பது நிலம் எடுக்கும் முறையை.

2013-ம் வருஷத்து மத்திய சட்டம், நிலம் எடுக்குமுன் அதனால் யார் யார் ஜீவனம் இழப்பர் என்று விசாரிக்கச் சொல்கிறது. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதோ 1997-ம் வருஷத்து ராஜ்யச் சட்டத்தின் கீழ். அதில் இந்த விசாரணை கிடையாது. அச்சட்டத்துக்கு 2019-ல் மீண்டும் உயிரூட்டப்பட்டது. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. சட்டப்படி சரி; நியாயப்படி? பட்டாதாருக்கு நஷ்டஈடு உண்டு. வாரத்துக்கு உழுபவன், களையெடுக்கும் பெண், ஆடு மேய்ப்பவன், இவர்கள் பெயர் எந்தத் தஸ்தாவேஜிலும் இல்லை. விசாரணை இல்லையேல் இவர்களை எண்ணுவாரும் இல்லை. பேட்டை எழுந்தபின் காவற்காரன் வேலையேனும் இவர்களுக்குக் கிட்டுமா என்பதும் சந்தேகமே.

நிலம் தப்பினாலும் நீர் தப்புவதாயில்லை. பெங்களூரின் சாக்கடையைச் சுமந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குவதைப் பத்திரிகைகள் வருஷந்தோறும் படமெடுத்துப் போடுகின்றன. படத்துக்கு அழகுதான், பாய்ச்சுகிறவனைக் கேட்டால் தெரியும். கேழ்வரகுக்கு 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் ஆதரவு விலை. விலையிருந்து என்ன, விதைக்க நிலமும் நல்ல நீரும் வேண்டாமா?

சர்க்காரை நாம் கேட்பது அதிகமன்று. பழைய பேட்டைகளில் பெற்றவர்கள் கட்டடம் எழுப்பாமல் வைத்திருக்கும் மனைகள் எத்தனை ஏக்கர் என்ற ஜாபிதாவை முதலில் வெளியிடட்டும். சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், உத்தனப்பள்ளி வட்டாரத்தில் ஜீவன விசாரணையைத் தானாகவே நடத்தி, அதன் முடிவை அந்தந்த ஊர்க் கிராமசபையில் தமிழிலும், அங்கு வழங்கும் தெலுங்கு, கன்னடத்திலும் வாசிக்கட்டும். அதுவரை இன்னும் ஓர் ஏக்கரும் எடுக்கலாகாது.