பரிசு கொடுப்போர் கேட்கும் கேள்வி

பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் பயிலும் மாணாக்கருக்குக் கவிதைக்குப் பதக்கம், கட்டுரைக்குப் பரிசு, நாடகத்துக்குப் பணமுடிப்பு என்று வழங்கும் வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. பரிசு பெற்றவர் பெயர் ஏட்டிலே வரும்; பெற்றோர் பூரிப்பர்; பேராசிரியர் முதுகில் தட்டிக் கொடுப்பார். அரசியல் பேசும் இந்தப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பரிசு பெற்றவர் யார் என்று ஊரெல்லாம் கேட்கிறது. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி யாது, அதைக் கேட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அரசியல் அங்கேதான் அமர்ந்திருக்கிறது.

சர் ரோஜர் நியூடிகேட் என்று ஒரு சீமான். நிலக்கரிச் சுரங்கமும் கால்வாயும் உடையவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சார்பிலே நெடுங்காலம் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர். அவர் பெயரால் 1806ஆம் ஆண்டில் ஆங்கிலச் செய்யுளுக்கு ஒரு பரிசு ஏற்பட்டது. இன்றளவும் புகழ் மங்காத பரிசு அது. ஆனால் தொடக்கத்தில் அதற்கு விதிக்கப்பட்ட பொருளைப் பாருங்கள்: கிரேக்க, ரோமானியப் பழஞ்சிற்பத்தையும் ஓவியத்தையும் கட்டடங்களையும் போற்றுதல் வேண்டும், வரிகள் ஐம்பதுக்குள் அடங்குதல் வேண்டும்! அந்த நாளிலே இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் பால்மணம் மாறாத சிறார் வேலை செய்தனர். ஊர்ப் பொது நிலங்களை வேலியிட்டு வளைத்துக்கொண்டிருந்தனர் நிலக்கிழார்கள். இளங்கவிஞன் அதை நோக்கலாகாது. உடைந்த தூண்களை நோக்க வேண்டும். நோக்கினால் பரிசு!

பின்னர் விதி தளர்ந்தது, பொருள்கள் விரிந்தன. விரிந்தது எத்திசையில்? கேம்பிரிட்ஜிலே வேந்தர் பெயரால் அளிக்கப்பட்ட தங்கப் பதக்கத்துக்கு 1819ல் தந்த தலைப்பு பாம்பேய், 1829ல் திம்புக்டு. ஆக்ஸ்போர்டிலே 1839ல் சால்செட்டும் எலிபெண்டாவும் — ஆம், நம் பம்பாய்க் கரையோரத்துத் தீவுகள்தாம், 1845ல் பெட்ரா. எழுதிய இளைஞர்களில் ஒருவரும் அதுவரை அந்த இடங்களைக் கண்ணால் கண்டவரல்லர். இதற்கெல்லாம் முன்னரே, 1803ல், பாலஸ்தீனத்தைப் பாடி ஆக்ஸ்போர்டில் பரிசு கொண்டவர் ரெஜினால்டு ஹீபர். பிற்காலத்தில் கல்கத்தாவின் பேராயராகி, 1826ல் நம் திருச்சிராப்பள்ளியிலே உயிர் நீத்தவர் அவர். பாலஸ்தீனத்தை அவரும் பார்த்ததில்லை. பார்க்காததைப் பார்த்தவன் போலப் பாடுவதற்குப் பதக்கம் தந்து பழக்கினார்கள்.

திம்புக்டுவைப் பாடித் தங்கம் பெற்ற இளைஞர்தாம் பின்னர் அரசவைக் கவிஞரான டென்னிசன். உலக முடிவுப் போரைப் பற்றித் தாம் முன்பே எழுதி வைத்திருந்த பாட்டு ஒன்றை வெட்டி ஒட்டித்தான் அதை ஒப்பேற்றினார். மணவீட்டுக்குத் தைத்த சட்டையைப் பிணவீட்டுக்கும் அணிந்து சென்ற கதை! அதே தலைப்பைக் கேலி செய்து மாணவர் ஏட்டிலே எழுதியவர் தாக்கரே. கேலிக்குரியது பாட்டன்று, தலைப்பு என்பதை அவர் அறிந்திருந்தார்.

எலிபெண்டாவைப் பாடிய ஜான் ரஸ்கின் கதை இன்னும் சுவையானது. இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றவர். இந்திய மண்ணில் கால் வைத்தவரல்லர், அன்றும் பின்னும். அந்தப் பாட்டை இன்று படிப்பார் இல்லை. ஆனால் 1860ல் ஒருவரும் தலைப்புத் தராமல், ஒருவரும் பரிசு அறிவிக்காமல், தொழிலாளியின் கூலி எது, செல்வம் என்பது எது என்று தாமே கேட்டுத் தாமே எழுதத் தொடங்கினார். நான்கு கட்டுரைகள் வெளிவந்தன, சீறினர் சீமான்கள், இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டது வெளியிட்ட இதழ். அக்கட்டுரைகள் சேர்ந்த நூலைத்தான் 1904ல் தென்னாப்பிரிக்காவிலே ரயில் பயணத்தில் காந்தியார் படித்தார். பின்னர் சர்வோதயம் என்று பெயரிட்டுக் குஜராத்தியில் தந்தார். பரிசு கேட்ட கேள்விக்கு ரஸ்கின் எழுதிய விடை ஏட்டுச்சுவடி. எவரும் கேட்காத கேள்விக்கு எழுதிய விடை வரலாறு.

இனி, பாம்பேய் நகரைப் பாடியவர். 1819ல் ஒரு பதக்கம். 1821ல் மாலைப்பொழுதைப் பாடி இன்னொன்று. கேம்பிரிட்ஜின் செல்லப்பிள்ளையான அவர் பெயரைச் சொன்னால் தோழர்கள் நிமிர்ந்து உட்காருவர் — தாமஸ் பாபிங்டன் மெக்காலே! 1834 ஜூன் திங்களில் சென்னைக் கரையில் வந்து இறங்கினார். உதகையிலே தங்கியிருந்த பெண்டிங் பிரபுவைக் காண நானூறு மைல், மனிதர் தோள்களிலே சுமக்கப்பட்டுச் சென்றார். எட்டே திங்களில், 1835 பிப்ரவரி 2ஆம் நாள், கல்வி பற்றிய தம் குறிப்பைத் தீட்டினார். வடமொழியும் அரபியும் தமக்குத் தெரியா என்று அதிலேயே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அடுக்கு, இந்தியாவும் அரபு நாடும் தந்த இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்று தீர்ப்பும் வழங்கினார். இந்நாட்டு மக்கள் பேசும் மொழிகளில் இலக்கியமும் இல்லை, அறிவியலும் இல்லை, அவை வறியவை, முரட்டு மொழிகள் என்றார். தம்மைத் தோளிலே தூக்கிச் சென்றவர்கள் பேசிய மொழிகளும் அந்தத் தீர்ப்புக்குள் அடக்கம்!

பதக்கம் பெற்றதனால்தான் இப்படி எழுதினார் என்று நான் கூறவில்லை, அது அறிவுடைமையாகாது. ஆயினும், காணாத நகரைக் கண்டதுபோல் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும் என்று பதினெட்டு வயதில் கற்றுக்கொண்ட நடை, படிக்காத இலக்கியத்தைப் படித்ததுபோல் தள்ளிவிடும்போது அதே மிடுக்கோடு நடக்கிறதே, அதை எப்படிக் காணாதிருப்பது?

போட்டி அனைவருக்கும் உரியதாகவும் இல்லை. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கியதே 1920ல்தான். நியூடிகேட் பரிசை ஒரு பெண் முதன்முதலாகப் பெற்றது 1927ல். கெர்ட்ரூட் ட்ரெவெல்யன் அவர் பெயர். நாத்திகத்தின் தேவையை வற்புறுத்தி ஒரு சிறு வெளியீடு போட்டதற்காக 1811ல் ஷெல்லியை வெளியேற்றியதும் இதே ஆக்ஸ்போர்டுதான். சிலைகளைப் பாடினால் பரிசு, சிந்தனையைக் கிளறினால் வாயிற்படி!

அப்படியானால் பரிசு என்பதே பயனற்றதா? இல்லை, தோழர்களே. கேள்வி கூர்மையாக இருக்குமானால் ஒரு பரிசு என்னென்ன செய்யும் என்பதற்கும் அதே கேம்பிரிட்ஜிலேதான் சான்று கிடைக்கிறது. பாட்டு அன்று, கட்டுரை. மொழியும் ஆங்கிலம் அன்று, இலத்தீன். எனினும் சொல்லாமல் விட இயலாது.

1781ல் சாங் என்ற கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளை உயிரோடு கடலில் எறிந்தனர். 1783ல் அது வழக்கு மன்றத்துக்கு வந்தது — கொலை வழக்காக அன்று. எறிந்த சரக்குக்குக் காப்பீட்டுப் பணம் உண்டா இல்லையா என்ற வழக்காக! கேம்பிரிட்ஜின் துணைவேந்தர் பீட்டர் பெக்கார்டின் நெஞ்சு கொதித்தது. 1785ல் பரிசுக் கட்டுரைக்கு அவர் தந்த பொருள் இது: மனிதரை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குதல் முறையாகுமா?

தாமஸ் கிளார்க்சன் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் போட்டியில் இறங்கினார். பெயரும் புகழுமே அப்போது அவர் நாடியது. தாமே பின்னர் அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஏடுகளைப் புரட்டப் புரட்ட, விவரமறிந்தோரை வினவ வினவ, உறக்கம் போயிற்று. பரிசு கிடைத்தது. மன்றத்திலே கட்டுரையைப் படித்துவிட்டு இலண்டனுக்குக் குதிரையில் திரும்பும் வழியில், வேட்ஸ்மில் என்ற ஊரருகே இறங்கிப் பாதையோரத்தில் அமர்ந்தார். எழுதியது உண்மையானால் இந்தக் கொடுமைக்கு யாரேனும் முடிவுகட்ட வேண்டுமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. அந்த இடத்திலே இன்று ஒரு கல்தூண் நிற்கிறது.

மறு ஆண்டே கட்டுரையை ஆங்கிலத்தில் அச்சிட்டார். 1787ல் இலண்டன் அச்சகம் ஒன்றிலே பன்னிருவர் கூடி அடிமை வாணிகத்தை ஒழிக்கக் குழு அமைத்தபோது அவர்களில் ஒருவரானார். துறைமுகம் துறைமுகமாகக் குதிரையேறித் திரிந்து கப்பலோட்டிகளிடம் சான்று திரட்டினார். கைவிலங்குகளையும் வாயை வலிந்து திறக்கும் கருவியையும் கடையிலே வாங்கி வந்து மக்கள் முன் காட்டினார். 1807ல் அடிமை வாணிகம் தடை செய்யப்பட்டது. 1833ல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் உடைமையாளருக்கு இரண்டு கோடி பவுன் ஈட்டுத்தொகை அளித்தது, அடிமைக்கு ஒரு காசும் அளிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியையும் இலங்கையையும் விலக்கியே வைத்தது. இந்தியாவுக்கு 1843 வரை சட்டம் வரவில்லை. குறையுள்ள வெற்றிதான். ஆயினும் பரிசுக் கட்டுரை ஒன்றிலிருந்து இவ்வளவு தொலைவு நடந்தவர் வேறு எவர்?

நம் காலத்துக்கு அருகே வருவோம். அமெரிக்காவிலே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் ஏவரி ஹாப்வுட். நாடகத்தால் பெரும்பணம் ஈட்டியவர். 1920ல் அவருடைய நாடகங்கள் நான்கு ஒரே நேரத்தில் பிராட்வேயில் நடந்தன. எல்லாம் சிரித்துவிட்டு வீடு திரும்பும் வகை. புரட்சியை விளக்கேற்றித் தேடினாலும் அவற்றிலே கிடைக்காது. 1928ல் மறைந்த அவர், தம் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கை மாணவ எழுத்தாளருக்குப் பரிசளிக்க எழுதி வைத்தார். தலைப்பு ஏதும் விதிக்கவில்லை. புதியதும் வழக்கத்துக்கு மாறானதும் தீவிரமானதும் சிறப்பாக ஊக்குவிக்கப்படவேண்டும் என்ற விருப்பத்தை மட்டும் எழுதினார். எழுதுவோர் புனைபெயரில் அனுப்புவர்.

1936ல் அந்தப் பரிசைப் பெற்ற மாணவர் ஒருவர், 1929ன் பொருளாதாரச் சரிவிலே நொடித்துப்போன மேலங்கி உற்பத்தியாளரின் மகன். கிடங்கிலே வேலை செய்து சேர்த்த பணத்தோடு கல்லூரிக்கு வந்தவர். ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி வைத்துச் செலவுக்குத் தேடியவர். ஒரு வார விடுமுறையிலே அவர் எழுதிய நாடகத்தில் எலிபெண்டா இல்லை, பாம்பேய் இல்லை. வேலைநிறுத்தத்தின் நடுவே தவிக்கும் மேலங்கி உற்பத்தியாளர் குடும்பம் இருந்தது. தாம் கண்டதை எழுதினார். 250 டாலர் கிடைத்தது; படிப்புத் தொடர்ந்தது. ஆர்தர் மில்லர் என்று உலகம் அவரை அறியும். 1942ல் அதே பரிசைப் பெற்றவர் டெட்ராய்ட் நகரின் வறிய பகுதியில் வளர்ந்த ராபர்ட் ஹேடன். அவர் அனுப்பிய கவிதைகள் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பாடின.

ஆங்கில இலக்கிய வகுப்பிலே இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். குடும்பத்திலேயே கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவர்கள் அவர்களுள் பலர். பரிசு அறிவிப்பைக் கொண்டுவந்து அவர்கள் நீட்டும்போது, தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் தலைப்பைப் படியுங்கள். யார் பணம், யார் நடுவர், எதைச் சொன்னால் விலக்குவர் என்று கேளுங்கள். பரிசு நிறுவும் நிலையில் உள்ளவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: தலைப்பு தருவீரானால் பெக்கார்டு தந்ததுபோல் தாருங்கள், அதற்குத் துணிவில்லையேல், ஹாப்வுட் போலத் தலைப்பின்றி விடுங்கள்.

துணிவுக்கு விலை உண்டு என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கவேண்டாம். 1956ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு மில்லரை அழைத்தது. அதற்கும் ஒரு கேள்வி இருந்தது: பொதுவுடைமை எழுத்தாளர் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் யார் யார்? தம்மைப் பற்றி எதையும் சொல்வேன், பிறர் பெயரைச் சொல்லேன் என்றார் அவர். 1957ல் அவமதிப்புக் குற்றம் சாட்டித் தண்டித்தனர். 1958ல் மேல்முறையீட்டு மன்றம் அதைத் தள்ளியது.