விளக்கெரிந்தால் யுத்தமா?

எதிரி நாடு யுத்த முஸ்தீபு செய்கின்றதா, இல்லையா என்று கண்டறிவது எல்லா வல்லரசுகளுக்கும் உள்ள வேலைதான். அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால், முடிவை முதலில் செய்துகொண்டு அத்தாட்சியைப் பிறகு தேடுவதற்கு ஆராய்ச்சி என்று பெயர் சொல்லலாமா என்றுதான் கேட்கின்றோம்.

1981-ம் வருஷத்தில் சோவியத் உளவு இலாகாவாகிய கே.ஜி.பி., அமெரிக்கா திடீரென்று அணுகுண்டு வீசப்போகின்றது என்று கருதி, 'ரியான்' என்னும் பெயரால் பெரும் வேவு வேலையைத் துவக்கிற்று. லண்டனிலிருந்த வேவுக்காரர்களுக்கு வந்த உத்தரவு என்ன? சர்க்கார் கட்டிடங்களில் இரவில் எத்தனை ஜன்னல்களில் விளக்கெரிகின்றது என்று எண்ண வேண்டுமாம். ரத்தம் கொடுப்பவர்களுக்குக் கொடுக்கும் விலை ஏறுகின்றதா என்று பார்க்க வேண்டுமாம். பிரிட்டனில் ரத்தம் கொடுப்பவர்களுக்குக் காசே கொடுப்பதில்லை என்பதுகூட உத்தரவு போட்ட புத்திசாலிகளுக்குத் தெரியவில்லை! இரவில் விளக்கெரிந்தால் யுத்தந்தானா? கூட்டிப் பெருக்குகின்றவர்கள் விளக்கேற்றிக் கொள்ளக் கூடாதா?

இதைவிடக் கேடான விஷயம் ஒன்றுண்டு. அந்த வேவுக்காரர்களே இதை நம்பவில்லையென்று, அவர்களில் ஒருவராயிருந்துகொண்டே பிரிட்டனுக்கு ரகசியமாய்ச் செய்தி கொடுத்து வந்த ஓலெக் கோர்டியெவ்ஸ்கி பின்னால் வெளியிட்டார். மேலதிகாரி கேட்கின்றாரே என்று, தாங்கள் நம்பாததையே எழுதியனுப்பினார்கள். அதைப் படித்த மாஸ்கோ இன்னும் அதிகமாய்ப் பயந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கோ பேயைக் கண்டு எழுதுவதற்குச் சம்பளமும் கொடுத்திருக்கின்றார்கள்!

அமெரிக்கா சாதுவென்று நாம் சொல்லவில்லை. 1983-ல் மேற்கு ஜெர்மனியில் பெர்ஷிங்-2 ஏவுகணைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்நாடுதான். பயப்படக் காரணம் இருந்தது. அதற்காக ஜன்னலை எண்ணுவது ருஜுவாகிவிடுமா?

இதற்கு நேர்மாறான மூடத்தனமும் உண்டு. 1941-ல் ஹிட்லரின் சேனைகள் எல்லையில் குவிவதாக எத்தனையோ எச்சரிக்கைகள் வந்தும், பிரிட்டனோடு சண்டை தீராமல் அவன் நம்மீது பாயமாட்டான் என்று ஸ்டாலின் தீர்மானித்திருந்தார். ஜூன் 22-ந் தேதி படையெடுப்பு வந்தேவிட்டது.

அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது? 1983 செப்டம்பர் 26-ந் தேதி, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கை நிலையத்தின் இயந்திரம் அலறிற்று. காவலிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்னும் அதிகாரி, யுத்தம் தொடுப்பவன் ஐந்தே ஏவுகணைகளோடா தொடுப்பான் என்று யோசித்து, இது பொய் எச்சரிக்கையென்று மேலே தெரிவித்தார். மேகத்தில் பட்ட சூரிய வெளிச்சத்தையே செயற்கைக்கோள் ஏவுகணையென்று காட்டியது என்பது பிறகு விளங்கிற்று. அந்த ஒரு கேள்விதான் பகுத்தறிவு.

ஆகவே தோழர்களே! எந்த சர்க்கார் வந்து, 'அவன் யுத்தத்துக்குத் தயாராகின்றான்' என்றாலும், 'தயாராகவில்லை' என்றாலும், எதைக் கண்டால் உங்கள் முடிவு தப்பென்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் அவர்களிடமிருப்பது வெறும் நம்பிக்கைதான். அந்த நம்பிக்கைக்காக உயிர்விடப் போகின்றவர்கள் மந்திரிகளா, குடிகளா?