சின்னக் காருக்குப் பெரிய சத்தம் எதற்கு?

இரண்டே இருக்கை. கூரையைப் பின்னால் மடித்து விடலாம். மேலே வானம், முன்னே சாலை. முகத்தில் காற்று வந்து மோதும். வளைவில் திருப்பினால் வண்டி சொன்னபடி கேட்கும்.

"ஸ்போர்ட்ஸ் கார்" என்றால் இதுதான்.

இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகமாக விற்பனையானது, ஜப்பான் நாட்டு மாஸ்டா கம்பெனியின் "எம்.எக்ஸ்.5" கார். 1989-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து மோட்டார் கண்காட்சியில் இது முதன் முதலாகத் தலைகாட்டியது. அமெரிக்கர்கள் இதை "மியாட்டா" என்று அழைத்தார்கள். 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பத்து லட்சமாவது கார் தயாராகி விட்டது.

இந்தக் காரை வாங்கியவர்களில் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. வண்டி நிற்கும்போது ரேடியோ நன்றாகப் பாடுகிறது. கூரையை மடித்துவிட்டு வேகமாகப் போனால், பாட்டு காற்றோடு போய்விடுகிறது!

இதற்கு என்ன செய்யலாம்?

"இன்னும் நாலு ஒலிபெருக்கியை மாட்டு" என்கிறது ஒரு கட்சி. "ஸ்போர்ட்ஸ் காரில் பாட்டே கூடாது, என்ஜின் சத்தம்தான் சங்கீதம்" என்கிறது மற்றொரு கட்சி.

இரண்டிலும் பாதிதான் சரி. கூடுதலாக ஒலிபெருக்கி மாட்டுவதில் தப்பில்லை. ஆனால் எதை மாட்டுவது, எங்கே மாட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியதை மாட்டிச் சத்தத்தைக் கூட்டுவது தவறு. சிறியதைக் காதருகே மாட்டி, சத்தத்தை அளவாக வைப்பதே சரி.

மாநாட்டு வாசலில் ஒரு கார்

காரில் பாட்டுக் கேட்கும் ஆசை புதிதல்ல.

1930-ம் ஆண்டு. அமெரிக்காவில் பால் கால்வின் என்ற தொழிலதிபர் தம்முடைய "ஸ்டூடிபேக்கர்" காரில் ரேடியோவைப் பொருத்தினார். அட்லாண்டிக் சிட்டி நகரில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு நடந்தது. காரை அங்கே ஓட்டிக்கொண்டு போனார். வாசலில் நிறுத்தி, ரேடியோவைப் பாட விட்டார். போகிறவர்களும் வருகிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்டர்கள் கிடைத்தன.

அந்த ரேடியோவுக்குக் கால்வின் வைத்த பெயர் "மோட்டோரோலா". பிற்காலத்தில் கம்பெனிக்கே அந்தப் பெயர் நிலைத்து விட்டது.

அன்று ஒரு காருக்கு ஒரு ஒலிபெருக்கி போதும் என்றிருந்தார்கள். இன்று விலை உயர்ந்த பெரிய கார்களில் பத்து, இருபது என்று வைக்கிறார்கள். அது மூடிய கார். உள்ளே அமைதி இருக்கிறது, இடமும் இருக்கிறது. அங்கே அது பொருந்தும்.

சின்னக் காரின் கதை வேறு.

குதிரையும் வீரனும்

முதல் எம்.எக்ஸ்.5 காரின் நீளம் 4 மீட்டருக்கும் குறைவு. எடை சுமார் 1,000 கிலோதான். குதிரையும் அதன் மேல் இருக்கும் வீரனும் ஒன்றாகிவிட வேண்டும் என்ற ஜப்பானியப் பழமொழியை வைத்துக்கொண்டு என்ஜினீயர்கள் இதை உருவாக்கினார்கள். எடையைக் கிராம் கணக்கில் குறைத்தார்கள். புகைக்குழாயின் ஒலி காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்று அதற்கும் தனியாகப் பாடுபட்டார்கள்.

இந்தக் காரின் டிக்கியில் இரண்டு பை வைத்தால் இடம் தீர்ந்தது. பாட்டரியும் மாற்றுச் சக்கரமும் அங்கேதான் இருக்கின்றன. அதற்குள் பெரிய மரப்பெட்டியையும், கனமான ஆம்ப்ளிபயரையும் திணிப்பது என்ன நியாயம்? என்ஜினீயர்கள் கிராம் கிராமாகக் குறைத்ததை, வாங்கியவர் கிலோ கிலோவாகத் திருப்பி ஏற்றுகிறார்!

போகட்டும். எடை ஏறினாலும் பாட்டு கேட்கிறதா? அதுவும் முழுசாகக் கேட்பதில்லை.

காற்றோடு போட்டி

திறந்த கார் வேகமாகப் போகும்போது காற்றின் இரைச்சலே பெரிய சத்தம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் காது டாக்டர்கள் திறந்த கார்களில் ஏறி, ஓட்டுகிறவர் காதருகே கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் இரைச்சல் 85 "டெசிபல்" அளவைத் தாண்டியது.

85 டெசிபல் என்றால் எவ்வளவு? தொழிற்சாலையில் ஒருவர் நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் வகுத்த எல்லை அது. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபல் என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் ஒரே மணி. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்!

காற்றே 85 டெசிபல் போடும்போது, அதற்கு மேலே பாட்டு எழும்ப வேண்டுமானால் 90, 95 என்று போக வேண்டும். அப்படி இரண்டு மணி நேரம் ஓட்டினால் காது என்ன ஆகும்?

காதின் உள்ளே நுண்ணிய முடி போன்ற அணுக்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்குத் தெரிவிப்பவை அவை. தலைமுடி கொட்டினால் முளைக்கும். இவை ஒரு முறை அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. பாட்டுக்காகச் செலவு செய்து, பாட்டைக் கேட்கும் காதையே பறிகொடுப்பது புத்திசாலித்தனம் ஆகுமா?

கணக்கு என்ன சொல்கிறது?

பலர் நினைப்பது போல, மின்சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு லேசான வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கு என்று காதுக்குத் தோன்ற, சுமார் 10 மடங்கு சக்தி வேண்டும். 20 வாட் இருந்த இடத்தில் 200 வாட்! 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 16 ஆம்பியருக்கு மேல் உறிஞ்ச வேண்டும்.

ஆனால் தூரத்தைக் குறைத்தால்?

ஒலிபெருக்கிக்கும் காதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், திறந்த வெளியில் 6 டெசிபல் கூடுகிறது. மறுபடி பாதியாக்கினால் இன்னும் 6. கதவின் அடியில், முழங்கால் அருகே இருக்கும் ஒலிபெருக்கி காதுக்குச் சுமார் 1 மீட்டர் தள்ளி இருக்கிறது. தலைச்சாய்வில் வைத்தால் 25 செண்டிமீட்டருக்குள் வந்துவிடும். கதவில் 16 வாட் செய்கிற வேலையை, அதே திறனுள்ள ஒலிபெருக்கி காதருகே 1 வாட்டில் செய்துவிடும்!

கூடுதல் ஆம்ப்ளிபயர் இல்லை, பெரிய பெட்டி இல்லை, எடையும் இல்லை. தெருவில் போகிறவர்களுக்குத் தொந்தரவும் இல்லை. கதவில் இருந்து அலறும் பாட்டு ஊருக்கெல்லாம் கேட்கும். காதருகே பாடும் பாட்டு, கேட்க விரும்புகிறவருக்கு மட்டும்தான் கேட்கும்.

கார் செய்தவர்களே இந்த வழியைத்தான் பிடித்தார்கள். முதல் தலைமுறை எம்.எக்ஸ்.5 கார்களிலேயே சில மாதிரிகளில் தலைச்சாய்வுக்குள் ஒலிபெருக்கி வைத்தார்கள். 2015-ல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறைக் காருக்கு "போஸ்" கம்பெனி 9 ஒலிபெருக்கிகள் கொண்ட அமைப்பு ஒன்றைச் செய்து கொடுத்தது. அதிலும் தலைச்சாய்வுகளில் சிறிய ஒலிபெருக்கிகள் உண்டு. கூரை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பார்த்து, ஒலியைத் தானே மாற்றிக்கொள்ளும்.

பாடகர் முதுகுக்குப் பின்னாலா?

காதருகே வைப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது.

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 1 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் 3 பங்கு ஆகும். தலைச்சாய்வின் ஒலி அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். எந்த ஒலி முதலில் வருகிறதோ, பாட்டு அந்தத் திசையில் இருந்து வருவதாகவே காது நம்பும். அதனால் பாடகர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவது போலத் தோன்றும்.

பரிகாரம் சுலபம். தலைச்சாய்வு ஒலிபெருக்கியைக் கதவு ஒலிபெருக்கியைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதி இப்போதைய ரேடியோக்கள் பலவற்றில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. சிறிய ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் கனமான நாதம் வராது என்பதும் உண்மை. அந்த வேலையைக் கதவில் இருப்பது பார்த்துக்கொள்ளட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கச்சேரி.

கத்தி எடுக்கு முன்னால்

மாட்டுகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

தலைச்சாய்வு அலங்காரப் பொருள் அல்ல. பின்னால் இருந்து ஒரு வண்டி மோதினால், கழுத்து ஒடியாமல் காப்பது அதுதான். அதன் பஞ்சைத் தோண்டி, தலை படும் இடத்தில் இரும்புக் காந்தத்தை வைப்பது ஆபத்து. கம்பெனியே இடம் விட்டிருந்தால் மட்டும் அங்கே வைக்கலாம். இல்லாவிட்டால் இருக்கையின் பின்பக்கச் சுவரில், தோளுக்கு அருகே வைப்பது மேல்.

பிற்கால மாதிரிகளில் இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை இருக்கிறது. அதன் கம்பி இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் கை வைக்கக் கூடாது.

கதவில் துளை போடுமுன் ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியின் பின்பக்கம் கண்ணாடியில் இடிக்கும் என்பது பலருக்குத் துளை போட்ட பிறகுதான் தெரிகிறது!

4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்கம் பக்கமாக ஒரே இணைப்பில் சேர்த்தால் 2 ஓம் ஆகும். அதைத் தாங்காத ரேடியோ சூடேறிக் கெட்டுவிடும். ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்தால் 8 ஓம் ஆகும். ஒலி குறையும், ஆனால் ரேடியோ பிழைக்கும். இரண்டில் ஒன்றுக்குக் கூட்டல், கழித்தல் கம்பிகள் மாறிவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கனமான நாதம் செத்துப்போகும். பாட்டரியில் இருந்து தனிக் கம்பி இழுத்தால், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ப்யூஸ் போட வேண்டும். ப்யூஸ் இல்லாத கம்பி உரசினால் கார் தீப்பிடிக்கும்.

முதல் ஒலிபெருக்கி எது?

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. பக்கத்து ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும்! கூரை திறந்திருந்தாலும் இரைச்சல் குறையும். அளந்து பார்த்த டாக்டர்கள் சொன்ன யோசனையும் இதுதான். இருக்கைக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு வைத்தால் இன்னும் நல்லது. இரைச்சல் 3 டெசிபல் குறைந்தால், மின்சக்தியை இரட்டிப்பாக்கிய பலன் சும்மா கிடைக்கிறது.

"என்ஜின் சத்தமே போதும்" என்கிறவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மலைப்பாதையில் வளைந்து ஏறும்போது ரேடியோ எதற்கு? ஆனால் நீண்ட நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் தனியாகப் போகிறவருக்குப் பாட்டு ஒரு துணை. வழி சொல்லும் குரலும் காதில் விழ வேண்டும். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் சாலையில் கேட்க வேண்டியவை வேறும் இருக்கின்றன. பின்னால் வரும் ஆம்புலன்சின் சைரன் ஓசை. பக்கத்து லாரியின் ஹாரன். சொந்த டயரின் கிறீச்சொலி. இவற்றை அமுக்குகிற பாட்டு, பாட்டு அல்ல, ஆபத்து.

பக்கத்து இருக்கையில் இருப்பவர் கத்தாமல் பேசினால் காதில் விழ வேண்டும். சத்தத்துக்கு அதுவே அளவு. அதற்குப் பெரிய பெட்டிகள் தேவையில்லை. தோளருகே இரண்டு சின்ன ஒலிபெருக்கிகள் போதும். கார் சின்னது, சத்தமும் அதற்கு ஏற்றதாக இருக்கட்டும்!