கண் திறக்கும் வேளை

புஷ்ய பகுள பஞ்சமி நெருங்குகையில், ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் திருவுருவத்தைத் தம் கையாலேயே தீட்டிப் பூஜையறையில் வைக்க வேண்டும் என்ற ஆவல் தஞ்சை வட்டாரத்துப் பெரியவர் ஒருவருக்கு எழுவது இயல்பே. பேரன் விட்டுச் சென்ற வண்ணப் பென்சில் பெட்டி போதும். ஆனால் தாளின் முன் அமர்ந்தவுடன் ஒரு கேள்வி குறுக்கிடும். சுவாமிகளின் முகம் எவ்வாறு இருந்தது?

புகைப்படக் கலை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். சுவாமிகள் திருவையாற்றில் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6-ஆம் நாள். அவருக்குப் புகைப்படம் இல்லை. திருவாரூரில் அவதரித்த மும்மூர்த்திகளும் ஒருங்கே வீற்றிருக்கும் படமாக இன்று நம் இல்லங்களில் விளங்குவது, பெரும்பாலும் எஸ். ராஜம் அவர்களின் தூரிகை தந்த வடிவமே. 1919-இல் பிறந்து 2010-இல் மறைந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். பாபநாசம் சிவனிடம் பாட்டுக் கற்றவர். வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். கீர்த்தனைகளைப் பாடிப் பாடி மனத்தில் ஊறிய ஒருவர் கண்ட முகம் அது. வரையும் பெரியவரும் சில கீர்த்தனைகளைக் கேட்டுவிட்டு அமர்வதே முறை.

உஞ்சவிருத்தி எடுத்துத் தெருவில் நடந்தவரின் மேனி வெயிலேறியதாகத்தான் இருந்திருக்கும். ஆகவே ரோஜா நிறம் பொருந்தாது. முதலில் இளமஞ்சள், அதன்மேல் காவி, பிறகு பழுப்பு என்று அழுத்தாமல் படிப்படியாக ஏற்ற வேண்டும். கன்னக் குழியின் நிழலுக்குக் கறுப்பை எடுப்பவரே அதிகம். முகம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். பழுப்பின்மேல் சிறிது ஊதா போதும். மெழுகு கலந்த பென்சில் என்பதால் ரப்பர் முழுவதும் அழிக்காது, தீற்றலாக்கிவிடும். முதற்கோட்டை மெல்லியதாக இடுவது அதனாலேயே. நடுங்கும் விரலுக்கும் வழியுண்டு. நீண்ட கோடுகளைத் தவிர்த்துக் குறுங்கோடுகளாக இட்டால் நடுக்கம் தெரியாது.

இன்னொன்று, இதை எந்த ஓவிய ஆசிரியரும் மாணவனுக்குச் சொல்வதில்லை. கண்புரை முற்றிய கண்ணுக்கு வெண்மையும் மங்கிய மஞ்சளாகவே தோன்றும். சிகிச்சைக்கு முன் தீட்டிய படத்தைப் பின்னர் காண்பவர் தம் வண்ணத் தேர்வைக் கண்டு தாமே திகைப்பார். பென்சிலின்மேல் எழுதியுள்ள நிறப் பெயரைப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்தால் ஆயிற்று. வேட்டியின் வெண்மைக்குப் பென்சிலே தேவையில்லை, தாளை அப்படியே விட்டுவிடலாம்.

சிலைக்கு ஸ்தபதி இறுதியில் கண் திறப்பதுபோல், இங்கும் கண்கள் கடைசியிலேயே. அன்று காலை நீராடி, ஜன்னல் வெளிச்சம் இடப்புறமிருந்து விழும்படி அமர்ந்து, பென்சிலை ஊசிபோல் சீவிக்கொண்டு கருவிழியைத் தீட்டுவார்கள். விழியில் ஒளிரும் புள்ளி மட்டும் பென்சிலால் வருவதன்று. முதல் நாளே கடுகளவு இடம் பார்த்து, வண்ணம் படாமல் காத்து வைத்த வெறுந்தாள் அது.