ஆற்றல் இருக்கச் ‘சக்தி’ எதற்கு?

தமிழன் வாயினின்று ‘சக்தி’ என்னும் வடசொல்லைப் பிடுங்கிவிட்டால் அவன் பேச்சே நின்றுபோகும் போலும்! உடல் தளர்ந்தால் ‘சக்தி இல்லை’. கதிரவன் ஒளியில் பொறி ஓடினால் ‘சூரிய சக்தி’. மாங்காய் மரத்தினின்று வீழ்ந்தால் ‘புவியீர்ப்பு சக்தி’. கட்சியொன்று தேர்தலில் வென்றால் ‘மாபெரும் சக்தி’. தோற்றால் ‘மக்கள் சக்தி’ பாடம் புகட்டிவிட்டதாம். எல்லாவற்றினும் பெரிய வன்மையைச் சொல்ல வேண்டுமாயின், இருக்கவே இருக்கிறது ‘மகா சக்தி’! எல்லா வேலைக்கும் ஓர் ஆளையே ஓட்டினால் எந்த வேலையும் உருப்படாது என்பதை உழவன் அறிவான். மொழியில் மட்டும் அவ்வறிவு வேண்டாவோ?

அச்சொல் ‘சக்’ என்னும் வடமொழி வேரினின்று பிறந்தது. இயலுதல் என்பதே வேரின் பொருள். வடமொழிக்கு அது தக்க சொல்லே. அதன்மேல் எவர்க்கும் பகையில்லை. வேறுவேறு பொருளுக்கு வேறுவேறு சொல்லை வகுத்து வைத்திருக்கும் ஓர் இனம், அவற்றையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, அயலான் சொல் ஒன்றைக் கொண்டு காலம் ஓட்டுவதே இழுக்கு.

தமிழ்நாட்டுப் பள்ளி அறிவியல் நூலைப் புரட்டுக. ஒரு பொருளைத் தள்ளுவதும் இழுப்பதும் விசை. வேலை செய்வதற்குரிய தகுதி ஆற்றல். அவ்வேலை எத்துணை விரைவில் நடந்தது என்னும் அளவு திறன். மூன்றும் மூன்று பொருள். மூன்றுக்கும் மூன்று தனித்தமிழ்ச் சொற்கள். ஐந்து குதிரைத்திறன் உள்ள நீரிறைப்பியும் பத்துக் குதிரைத்திறன் உள்ள நீரிறைப்பியும் ஒரே கிணற்றிலிருந்து ஒரே அளவு நீரை ஒரே உயரத்துக்கு ஏற்றினால், நீர் பெறும் ஆற்றல் ஒன்றே. பின்னது விரைந்து ஏற்றும், அதன் திறன் மிகுதி. இவ்வேறுபாட்டைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தமிழிலேயே விளக்கிவிடுவான். ‘சக்தி’ என்னும் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு விளக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்! ஆற்றலும் சக்தி, திறனும் சக்தி, விசையும் சக்தியென்றால் பிள்ளை எதனைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? இங்கே கெடுவது மொழி மட்டுமன்று, சிந்தனையும் கெடுகிறது.

அரசின் நடப்போ இன்னும் வியப்பு. வகுப்பறையில் ‘ஆற்றல்’ என்று கற்பிக்கும் அதே அரசு, தன் துறைக்கு ‘எரிசக்தித் துறை’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. பாலைக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. அங்கே எரிவது எது? நீலமலையின் பைக்காராவில் 1932 முதல் வீழ்நீரால் மின் பிறக்கிறது. அங்கே எரிவது எது? எரியாத காற்றுக்கும் எரியாத நீருக்கும் ‘எரிசக்தி’! தேர்வில் மாணவன் இப்படி எழுதினால் மதிப்பெண் குறையும். கோட்டையில் எழுதினால் அரசாணை ஆகும்.

“மக்களுக்குப் புரிய வேண்டாவா?” என்று கேட்பவர் உளர். அவர்கள் சோமனூருக்கும் பல்லடத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் ஒருமுறை சென்று வரட்டும். கொங்குநாட்டில் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறு போடும் தறியின் பெயர் என்ன? விசைத்தறி! ‘சக்தித்தறி’ என்று எவன் சொன்னான்? கூலி உயர்வு கேட்கும் சங்கத்தின் பலகையிலும், செய்தித்தாளிலும், அரசின் ஆணையிலும் விசைத்தறி என்றே நிற்கிறது. எந்தப் புலவரும் தெருத்தெருவாகச் சென்று விளக்கவில்லை; சொல் தானே ஊன்றிக்கொண்டது. காற்றாலையும் நூற்பாலையும் மின்வெட்டும் அப்படியே ஊன்றின. 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொணர்ந்து கோவைத் தெருக்களை நிறைத்த உழவர்கள் எதிர்த்தது மின்கட்டண உயர்வை. அச்சொல் புரியவில்லையென்று எவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை.

இனி, பெரும் வன்மையைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லையா? ‘வல்’ என்னும் ஒரு வேர் போதும். வலி, வலு, வலிமை, வன்மை, வல்லமை, வல்லவன், வல்லுநர், வல்லாண்மை, வல்லினம் என்று அதன் கிளைகள் விரிந்துகொண்டே போகும். உலகையே ஆட்டிப் படைக்கும் நாட்டை எழுத்தறியா முதியவரும் வல்லரசு என்றே சொல்கிறார். ‘மகாசக்தி ராச்சியம்’ என்று சொல்லிப் பார்த்தால் சிரிப்பர். கடலில் புயல் எழுந்தால் வானிலை அறிவிப்பு என்ன சொல்கிறது? வலுப்பெற்றது என்கிறது, வலுவிழந்தது என்கிறது. புயலுக்குத் தமிழ் போதுமாயின், மாந்தனுக்குப் போதாதோ?

இவ்வேருக்குக் கொங்குமண் தாய்வீடு. கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு மக்கள் இட்ட அடைமொழியே வல்வில். ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஊடுருவியதைப் புறநானூற்றில் பாடிய புலவரோ வன்பரணர். வில்லும் வல், பாடிய வாயும் வன்! காங்கேயம் காளையை விலை பேசுகிறவன் அதன் வலுவைப் பார்க்கிறான். கிணற்றடியில் கவலை ஓட்டிய நாளில் அக்காளை நீர்ச்சாலை வலித்தது. தோணிக்காரன் துடுப்பு வலிக்கிறான். இழுத்தலும் வலித்தலே, அதற்கு வேண்டும் உரமும் வலியே.

ஆனால் அவ் ‘வலி’ இன்று என்ன ஆயிற்று? வள்ளுவர் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, துணைவர் வலி எனச் சீர்தூக்கச் சொன்னார். இன்றைய பிள்ளைக்கு வலி என்றால் பல்வலி, தலைவலி, வயிற்றுவலி! நோவு, நோகிறது என்னும் சொற்கள் ஊர்ப்புறத்தில் இன்னும் உயிரோடு இருக்க, அவ்விடத்தை வலிக்குக் கொடுத்துவிட்டு, வலி இருந்த அரியணையில் ‘சக்தி’யையும் ‘பல’த்தையும் ஏற்றி வைத்தாயிற்று. அண்மையில் ‘பவர்’ என்பதும் வந்து அருகே அமர்ந்துகொண்டது. ஆற்றலைக் குறித்த சொல்லே நோயைக் குறிக்கும் நிலைக்குத் தாழ்ந்தது, அவ்வினத்தின் வரலாற்றுக்கும் பொருந்துகிறது என்பது வேறு.

இறைவழிபாட்டை இடையே இழுப்பாரும் உண்டு. ஆனைமலை மாசாணிக்கும் பண்ணாரி மாரிக்கும் முன் நின்று கொங்குப் பெண் கூப்பிடுவது ஆத்தா என்று. பழந்தமிழர் வென்றி வேண்டி வணங்கியவள் கொற்றவை. அவ்விரு பெயருக்கும் வடமொழியின் துணை வேண்டியதில்லை. (தமிழ் உரைவீச்சை ஊரூராகக் கொண்டுசென்ற 1952-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கே ‘பராசக்தி’ என்று பெயர் வாய்த்ததை என்னென்பது!)

சொல்லாக்கம் இம்மண்ணுக்குப் புதிதுமன்று. 1916-இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு கழகம் கண்டனர். நோக்கம் நன்றே, ஆயினும் கழகத்தின் பெயரிலேயே ‘சாஸ்திர’மும் ‘பரிபாஷை’யும் குடியிருந்தன. அதே ஆண்டில்தான் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தினார். இரண்டு வழியில் எது வென்றது? அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார். அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தார். மந்திரி போய் அமைச்சர் வந்தார். பழகாது, புரியாது என்று அன்றும் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று வேட்பாளராக நிற்கிறார்கள்.

எரிசக்தித் துறையை ஆற்றல் துறை என்று மாற்ற ஓர் அரசாணை போதும். ‘சூரிய சக்தி’யைக் கதிரவ ஆற்றல் என்று எழுத அதுவும் வேண்டா. ஜி.டி. நாயுடு என்று ஊரார் அழைத்த கோபால்சாமி துரைசாமி நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-இல் இந்தியாவின் முதல் மின்னோடியைச் செய்துகாட்டிய ஊர் கோவை. அங்கிருந்து நாடெங்கும் செல்லும் மின்னோடிகளுக்கும் நீரிறைப்பிகளுக்கும் தமிழில் அச்சாகும் கையேட்டிலும் விலைப்பட்டியலிலும் ‘எச்.பி.’யை நீக்கிக் குதிரைத்திறன் என்று பொறிக்கத் தொழிலகத்தார் எவரிடம் இசைவு கேட்க வேண்டும்?