ஆசனம் எங்கே போயிற்று?

கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் மகன் தைப்பொங்கலுக்கு வீடு வந்து சேர்வானா என்பதை இக்காலத்திலே தீர்மானிப்பவர் அவனுடைய மேலதிகாரி அல்லர். லீவு எப்படியோ கிடைத்துவிடுகின்றது. புகையிரதத்தில் ஆசனந்தான் கிடைப்பதில்லை. பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, முற்பதிவு தொடங்கும் நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியும் கையுமாகக் காத்திருந்து, நேரம் வந்தவுடன் விரலை வைத்தால், ஆசனம் இல்லையென்ற அறிவித்தல் வந்து நிற்கின்றது. இப்பொழுதுதானே கடை திறந்தார்கள்? அதற்குள் சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்ததா? வாங்கியவர் யார்? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளிடம் இக்கேள்விகளைக் கேட்டு, பதில் கிடையாமல், "சரி மோனே, பஸ்ஸிலை வா" என்று சொல்லி முடித்திருக்கின்றனர்.

ஆசனமில்லை என்று முறையிடுவதற்கும் முதலில் ஒரு றெயில் ஓட வேண்டுமன்றோ? அந்தப் பாக்கியம் வன்னிக்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது. காங்கேசன்துறை வரையிலான பாதை 1905இல் திறக்கப்பட்டது. யாழ்தேவி 1956 ஏப்ரல் 23ஆம் திகதி முதன்முதலாக ஓடிற்று. 1990இலே போர் காரணமாக வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. பாதை இருந்த இடத்தைப் பற்றைக்காடு மூடிற்று. இந்தியக் கடனுதவியுடன் மீண்டும் பாதை போடப்பட்டு, 2013 செப்டம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்கு வண்டி வந்தபோது, அதைப் பார்க்கத் திரண்டவர்களிலே இருபது வயது கடந்தும் றெயிலைக் கண்டிராத இளைஞர் பலர் இருந்தனர். அடுத்த ஆண்டு அக்டோபர் 13ஆம் திகதி அது யாழ்ப்பாணத்தை எட்டிற்று. பின்னரும் 2023ஆம், 2024ஆம் ஆண்டுகளில் திருத்த வேலைகளுக்காக வடபகுதிப் பாதையின் வெவ்வேறு துண்டுகள் மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தன. ஆகவே றெயிலின் அருமையை வன்னியாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, நடுவழியில் ஏறுகின்றவனுடைய சங்கடத்தைப் பாருங்கள். கொழும்புக்குச் செல்லும் வண்டி வடக்கேயிருந்து வருகின்றது. பதிவு செய்யப்பட்ட ஆசனங்களுக்கு அங்கேயே உடையவர் இருக்கின்றனர். பதிவில்லாத மூன்றாம் வகுப்பும் யாழ்ப்பாணத்திலும் கொடிகாமத்திலும் நிறைந்துவிட்டால், கிளிநொச்சியில் ஏறுகின்றவர் கதவடியிலே நிற்க வேண்டியதுதான். வவுனியாவில் ஏறுகின்றவருக்கு நிற்பதற்கும் இடம் தேட வேண்டியிருக்கின்றது. முல்லைத்தீவு மாவட்டத்துக்கோ பிரதான பட்டினத்தைத் தொடும் தண்டவாளமே கிடையாது. முள்ளியவளையிலிருந்து ஒருவர் ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அன்றேல் புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனுக்குப் போக வேண்டும். விரைவு வண்டிகள் எல்லா நிலையங்களிலும் நிற்பதுமில்லை. கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலே குறித்த திகதியில் சிகிச்சைக்குப் போகும் நோயாளி ஒருவருக்கு, ஆசனம் உண்டா இல்லையா என்பது சொகுசு பற்றிய கேள்வியன்று. அறுவை செய்த வயிற்றோடு எட்டு மணி நேரம் நின்றுகொண்டு திரும்ப முடியுமா என்பதே அவருடைய கேள்வி.

ஆசனங்கள் எங்கே போகின்றன என்பதற்கு 2025 ஜனவரியில் ஒரு துப்புக் கிடைத்தது. மலைநாட்டிலே உல்லாசப் பிரயாணிகள் விரும்பிச் செல்லும் எல்ல என்னும் ஊருக்கான புகையிரதச் சீட்டுகள், இணையத்தில் விடப்பட்டு 42 வினாடிகளில் தீர்ந்துவிட்டன என்று அமைச்சரவைப் பேச்சாளரே கூறினார். அச்சீட்டுகள் பின்னர் வெளிநாட்டாருக்குப் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கிற்று, சிலர் கைதாயினர். 42 வினாடி! நம்மில் ஒருவர் தம்முடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பிழையின்றித் தட்டெழுதுவதற்கே அதைவிட அதிக நேரம் செல்லும். வடபகுதிப் பாதையிலும் அவ்வாறே நடக்கின்றது என்று கூறுவதற்கு நம்மிடம் சான்றில்லை. ஆயினும் எங்கும் ஆசனம் விடப்படும் முறை ஒன்றே: ஒரு குறித்த வேளையில் கதவைத் திறந்துவிடுவது, முந்தியவன் எடுத்துக்கொள்வது. விரைவாக ஓடத் தெரிந்தவனுக்கும் ஓடுவதற்கு ஆள் வைத்திருப்பவனுக்குமே அம்முறை நன்மை செய்யும்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலே டிஸ்னிலாண்ட் என்னும் களியாட்டப் பூங்கா 1955இல் திறக்கப்பட்டது. யாழ்தேவிக்கு ஒரு வயது மூத்தது. அங்கும், பின்னர் புளோரிடாவிலே அதே நிறுவனம் அமைத்த பெரும் பூங்காவிலும், ஒரு ராட்டினத்தில் ஏறுவதற்கு வெயிலிலே மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. 1999இலே ஓர் உபாயம் கண்டனர்: இயந்திரத்தில் நுழைவுச் சீட்டை இட்டால், இன்ன மணிக்கு வந்து ஏறலாம் என்று ஒரு துண்டு தரும், அதுவரை வேறிடங்களைச் சுற்றிப் பார்க்கலாம், கட்டணமில்லை. கேட்பதற்கு எவ்வளவு இதமாயிருக்கின்றது! ஆனால், சில ஆண்டுகளில் அத்துண்டுகளுக்கே போட்டி முளைத்தது. பின்னர் அது கைத்தொலைபேசிக்கு மாறிற்று. பூங்காவின் விடுதியில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்பும் ஏனையோர் 30 நாட்களுக்கு முன்பும் பதியலாம் என்றனர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விளையாடப் போகும் குடும்பம், எந்த ஊஞ்சலில் எத்தனை மணிக்கு ஆடுவது என்று இரண்டு மாதங்களுக்கு முன்பே தீர்மானிக்க வேண்டியதாயிற்று! 2019 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்ட புதிய சவாரி ஒன்றுக்குத் தொடக்கத்தில் நிற்கும் வரிசையே இருக்கவில்லை. காலையில் தொலைபேசியைத் தட்டி முறை எடுக்க வேண்டியிருந்தது. அன்றைய முறைகள் சில நொடிகளில் முடிந்துவிடும் நாட்களும் இருந்தன. பெருந்தொகை செலவழித்துக் கடல்கடந்து வந்த குடும்பங்கள், காலை ஏழு மணிக்கே அன்றைய ஆசை போயிற்றென்று அறிந்து பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஈற்றில் 2021இலே இலவசத் துண்டு முறையைக் கைவிட்டு, முன்னே போவதற்கு விலை வைத்துவிட்டனர்.

இக்கதையை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ராட்டினம் ஒரு மணியில் எத்தனை பேரைச் சுற்றுமோ அத்தனை பேரையே சுற்றும். பதிவுப் புத்தகம் வைத்ததனால் அதில் ஓர் ஆசனம் கூடுவதில்லை. முன்பு வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. நமக்கு முன்னே எத்தனை பேர் என்று எண்ணலாம். இடையில் புகுந்தவனை அதட்டலாம். நீளத்தைக் கண்டு திரும்பிப் போகலாம். பதிவு முறை வந்ததும் வரிசை கலையவில்லை, கண்ணுக்கு மறைந்தது. மறைந்த வரிசையிலே யார் முன்னே நிற்கின்றார், யார் புகுந்தார் என்று எவருக்கும் தெரியாது. குறைவாயிருப்பதை மனிதர் பொறுத்துக்கொள்வர். கணக்குக் காட்டாத குறைவை அவர் பொறுப்பதில்லை.

அயலிலே இந்தியாவில் என்ன செய்கின்றனர்? அங்கு நெரிசல் நம்முடையதைப் போல் பன்மடங்கு. அங்கும் அவசரப் பதிவுச் சீட்டுகளை முகவர்கள் வாரிக்கொண்டு போகின்றனர் என்ற முறைப்பாடு உண்டு. 2025 ஜூலை முதல் அத்தகைய சீட்டை இணையத்தில் எடுப்போர் ஆதார் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டுமென்றும், பதிவு திறந்த முதல் அரை மணி நேரத்துக்கு முகவர்கள் தொடக்கூடாதென்றும் கட்டளையிட்டனர். ஆயினும் அவர்களிடம் நாம் கடன் வாங்கத்தக்க வழக்கம் ஒன்று இருக்கின்றது. ஆசனம் தீர்ந்த பின்னும் கதவை முகத்தில் அறைவதில்லை. காத்திருப்போர் பட்டியலில் உமது இலக்கம் 14 என்று சொல்லிவிடுகின்றனர். ஒருவர் பிரயாணத்தைக் கைவிட்டால் அது 13 ஆகும். பிரயாணிக்கு மனம் ஒரு நிலையில் இருக்கும். போகலாமா, வேறு வழி தேடலாமா என்று தீர்மானிக்கலாம். இடைவழி நிலையங்களில் ஏறுவோருக்கென்று ஒரு பங்கு ஆசனத்தை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? வன்னியிலே, நம் வீட்டு வாசலிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கின்றது. இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் போய் நின்றால், நீர்மட்டம் எத்தனை அடியென்பதை எவரும் பார்க்கலாம். நிறைந்தால் 36 அடி. காலபோகத்துக்கு மழை கை கொடுக்கும். சிறுபோகத்துக்கோ குளத்திலே நின்ற நீர்தான் கதி. அந்நீர் எல்லா வயலுக்கும் போதாதென்பது ஒவ்வொரு கமக்காரருக்கும் தெரியும். அதற்காக, "நாளை காலை பத்து மணிக்கு மதகு திறக்கும், முந்தி வந்தவர் பாய்ச்சிக்கொள்க" என்று எவராவது அறிவித்ததுண்டா? அறிவித்தால் மண்வெட்டிகள் மண்ணை மட்டுமா வெட்டும்? போகம் தொடங்குமுன் மாவட்டச் செயலகத்தின் ஏற்பாட்டில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் இத்தனை அடி நீர் இருக்கின்றது, இத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணக்கை வைக்கின்றார். கமக்காரர் அமைப்புகள் எழுந்து வாதாடுகின்றன. எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எவ்வளவு பங்கு, என்று மதகு திறந்து என்று பூட்டுவது எல்லாம் சபையிலே முடிவாகின்றன. சண்டை இல்லையென்று நாம் கூறவில்லை. வாய்க்கால் கடைக்கோடியில் உள்ளவர் ஒவ்வோர் ஆண்டும் முறையிடத்தான் செய்கின்றார். பங்கை விற்றார்கள், கூட விதைத்தார்கள் என்ற வழக்குகளும் வருகின்றன. ஆனால் வழக்காடுவதற்கு ஒரு கணக்கு இருக்கின்றது. "எனக்குரிய பங்கு இவ்வளவு, வந்தது இவ்வளவு" என்று அவரால் சொல்ல முடிகின்றது. பரந்தனில் றெயிலுக்கு நிற்கும் அதே கமக்காரரைக் கேளுங்கள்: இந்த வண்டியில் உங்கள் ஊருக்கு எத்தனை ஆசனம்? அவர் கையை விரிப்பார்.

அரசாங்கத்துக்கும் இந்த வித்தை தெரியாததன்று. 2022இல் எரிபொருளுக்காக நாடு முழுவதும் நாட்கணக்கில் வரிசை நின்றபோது, ஜூலையிலே வாராந்தப் பங்கு முறை கொண்டுவரப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று பங்கு குறிக்கப்பட்டது. நாலு லீற்றர் எம்மாத்திரம் என்று முணுமுணுத்தோம். ஆயினும் மீதி எவ்வளவென்று தொலைபேசியே காட்டிற்று. பக்கத்து வீட்டுக்காரன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நம் பங்கு நமக்கே இருந்தது. சில வாரங்களில் வரிசைகள் குறுகின.

வண்டிகளைக் கூட்டுங்கள் என்று கேட்பது எளிது. அதற்கு இயந்திரம் வேண்டும், பெட்டி வேண்டும், பணம் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் புகையிரதப் பாதைகளைச் சிதைத்துவிட்டுப் போன பின்பு, அதைக் கேட்பதற்கே நாக் கூசுகின்றது. ஆனால் எண்ணிக்கையை வெளியிடுவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? இந்த வண்டியிலே மொத்தம் இத்தனை ஆசனம்; கிளிநொச்சிக்கு இத்தனை, மாங்குளத்துக்கு இத்தனை, வவுனியாவுக்கு இத்தனை; இன்று காலை விற்றவை இவ்வளவு, திரும்பி வந்தவை இவ்வளவு என்று நிலையத்துச் சுவரிலே ஒரு பலகையில் எழுதுவதற்குச் சுண்ணக்கட்டி போதும். கைத்தொலைபேசி தெரியாத முதியவருக்கும் ஆஸ்பத்திரித் துண்டு காட்டுகின்றவருக்கும் சில ஆசனங்களை நிலையத்துச் சாளரத்திலேயே கொடுக்க நிறுத்தி வைக்கலாம். அதையும் பலகையிலே எழுதிவிட்டால், அந்த ஆசனங்கள் எவருடைய மருமகனுக்குப் போயின என்று ஊர் பார்த்துக்கொள்ளும்.

நிற்க. நம்மவர் செய்வதையும் சொல்லாமல் விட முடியாது. நல்லூர்த் திருவிழாக் காலத்திலே வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்காக, எந்த நாள் வசதிப்படுமோ என்று வெள்ளிக்கும் சனிக்கும் இரண்டு நாளுக்கும் ஆறு ஆறு ஆசனம் எடுத்து வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஈற்றில் அவர்கள் வான் பிடித்துக்கொண்டு வந்துவிடுவர். முறிகண்டியைக் கடக்கும் வண்டியிலே, ஆட்கள் நெருக்கியடித்து நிற்க, பதிவு செய்த ஆசனம் வெறுமையாகப் போகும்.

பிரயாணம் இல்லையென்று தெரிந்த அன்றே சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: எல்ல விவகாரத்தின் பின்னர், 2025 முதற்கொண்டு, இணையத்தில் எடுத்த சீட்டோடு அதிலே குறித்த அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்டுமாறு கேட்கின்றனர். ஆகவே பேரன் எடுத்துக் கொடுத்த சீட்டிலே யாருடைய இலக்கம் இருக்கின்றதென்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டு, ஆச்சியின் அடையாள அட்டையைப் பெட்டிக்கு அடியில் வையாமல் கைப்பையிலே வைத்து அனுப்புங்கள்.