'பை' எங்கே போச்சு?

கொஞ்சம் நீளமான பதிவு. இலக்கணம் என்றதும் ஓடிவிட வேண்டாம். நம்ம விருதுநகர் மாவட்டத்துச் சமாசாரம்தான்.

தலைப்பில் இருப்பது மஞ்சப்பை இல்லை. ஆங்கிலத்தில் 'பை மீ', 'பை ஹிம்' என்று வருமே, அந்தப் 'பை'. 32 வருடம் காரியாபட்டி சுற்றுவட்டாரத்தில் ஆங்கிலம் நடத்தியவன் நான். பத்தாம் வகுப்புக்கு 'வாய்ஸ்' நடத்துவது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பின்னால் இருப்பதை முன்னால் கொண்டு வா. ஒருமையா பன்மையா என்று பார்த்து 'வாஸ்' அல்லது 'வேர்' போடு. வினையின் மூன்றாவது வடிவத்தைப் போடு. முன்னால் இருந்தவனை 'பை' போட்டுப் பின்னால் தள்ளு. ராமன் ராவணனைக் கொன்றான். ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். இரண்டு மார்க் கையில். இப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், இப்படித்தான் நானும் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். எதற்காக என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போவார்கள். அதனால் உள்ளூர் உதாரணம் கொடுப்போமே என்று, 'குழாய்களில் மருந்து நிரப்பப்படுகிறது' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வேன். 'டியூப்ஸ் ஆர் ஃபில்ட் பை பவுடர்' என்று எழுதுவார்கள். 'பை' இல்லை, 'வித்' என்று சுழித்துவிட்டுப் போய்விடுவேன். பிள்ளைகள் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. மருந்தால் நிரப்பப்பட்டது என்கிறோம், பெண்களால் நிரப்பப்பட்டது என்கிறோம். ஒரே 'ஆல்' பொருளுக்கும் வருகிறது, ஆளுக்கும் வருகிறது. ஆங்கிலத்தில் பொருளுக்கு 'வித்', ஆளுக்கு 'பை'. இந்த வித்தியாசத்தை ஒரு பீரியட் உட்கார்ந்து பேசியிருந்தால் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார்கள்.

பன்மையிலும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு. 'ஒன் ஆஃப் தி ரூம்ஸ் வேர் டேமேஜ்ட்' என்று எழுதுவார்கள். பக்கத்தில் 'ரூம்ஸ்' என்று பன்மை நிற்கிறதே என்று 'வேர்' போட்டுவிடுகிறார்கள். இடிந்தது ஒரு ரூம்தான், ஆகவே 'வாஸ்'. இது பெரிய விஷயம் இல்லை, பயிற்சியில் சரியாகிவிடும்.

சரியாகாத விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் விபத்து நடந்தால் ஆங்கிலப் பேப்பரில் வாக்கியம் எப்படி இருக்கும்? இத்தனை 'வொர்க்கர்ஸ் வேர் கில்ட் இன் எ பிளாஸ்ட் அட் எ யூனிட் நியர் சிவகாசி'. எண்ணிக்கையும் ஊரும்தான் மாறும். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. பன்மைக்கு 'வேர்', விபத்துக்கு 'இன்', ஆலைக்கு 'அட்', ஊருக்கு 'நியர்'. எல்லா உருபும் இருக்கிறது, 'பை' மட்டும் இல்லை. செய்தவர் தெரியாதபோதும் சொல்லத் தேவையில்லாதபோதும் 'பை'யை விட்டுவிடலாம் என்று நாங்களே நடத்துகிற விதிதான் அது. முதல் நாள் நிருபருக்கு உண்மையிலேயே தெரியாது, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பத்தாம் நாளும் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

தமிழ்ப் பேப்பரில் அந்த நாற்காலி காலியாக இருக்காது. அதில் 'உராய்வு' உட்கார்ந்திருக்கும். மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வால் வெடித்தது! உராய்வு உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது 'வித்' ஜாதி, 'பை' ஜாதி இல்லை. ஒரு ரூமில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், யார் பெயரில் இருந்த உரிமத்தை யார் உள்குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள் என்பதெல்லாம் உராய்வுக்குத் தெரியாது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பள்ளியில் ஆசிரியர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. 38 பேர். அதைப் பலரும் '38 வொர்க்கர்ஸ்' என்றே எழுதினார்கள், பேசினார்கள். ஆனால் அன்றைக்குப் போனவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்த ஜனங்கள். அடுத்த வெடிப்பு அவர்களைக் கொண்டுபோனது. 'பீப்பிள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வொர்க்கர்ஸ்' என்று எழுதினால், 'வேர்' சரியாக இருந்தாலும் வாக்கியம் பொய். பன்மையைச் சரிபார்ப்பது என்றால் 'எஸ்' இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை.

2024 மே 1, உழைப்பாளர் தினத்தன்று, எங்கள் காரியாபட்டிக்குப் பக்கத்தில் ஆவியூர் கல்குவாரியில் வெடிமருந்து இறக்கும்போது மூன்று தொழிலாளர்கள் போனார்கள். மறுநாள் பேப்பரை விரித்துவைத்து, பழக்கதோஷத்தில் பென்சிலால் உருபுகளைச் சுழித்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா 'பேப்பரைக்கூட திருத்தணுமா' என்றாள். அப்போதுதான் ஒரு பழைய நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. 'மை ஃபேமிலி' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். 'மை மதர் வாஸ் டைட் இன் ஃபேக்டரி' என்று எழுதியிருந்தாள். 'டை' செயப்படுபொருள் குன்றிய வினை, அதற்குச் செயப்பாட்டு வினை கிடையாது. 'வாஸ்' மேல் சிவப்பு மையால் அடித்தேன். அந்த வாரம் வகுப்புக்கே ஒரு தண்டனை வைத்திருந்தேன், அவரவர் பிழையைத் திருத்திப் பத்துத் தடவை எழுதி வர வேண்டும். அவளும் எழுதி வந்தாள். 'மை மதர் டைட் இன் தி ஃபேக்டரி', வரிசையாகப் பத்து. கையெழுத்து அழகாக இருந்தது. கையெழுத்துப் போடும்போதுதான் நான் அந்த வாக்கியத்தை வாக்கியமாகப் படித்தேன்.

அவள் தப்பாக எழுதவில்லை என்று பிற்பாடு பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தமிழில் 'கொல்லப்பட்டார்' என்றால் கொலை. அதனால் விபத்தில் போனவரை 'கில்ட்' என்று எழுத நம் பிள்ளைகளுக்குக் கை வராது, 'டைட்' என்றுதான் போடுவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் விபத்துக்கும் 'வாஸ் கில்ட்' வரும். காய்ச்சல் வந்து போனால் 'டைட்' போதும். அம்மா தானாகச் சாகவில்லை, அம்மாவுக்கு ஏதோ செய்யப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் 'வாஸ்' போட்டிருந்தாள். நான் அடித்திருக்க வேண்டியது அடுத்த சொல்லை. சரியான சொல்லை அடித்துவிட்டு, தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுத வைத்தேன்.

ராமன் ராவணன் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். பிள்ளைகளிடம் ஒரு செய்தி நறுக்கைக் கொடுங்கள். யாருக்கு நடந்தது, எத்தனை பேருக்கு, எதில், எங்கே, எதனால், யாரால் என்று உருபு உருபாகத் தேடச் சொல்லுங்கள். 'பை' இல்லையென்றால் மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: தெரியாது, தேவையில்லை, சொல்லவில்லை. 'இங்கிலீஷ் இஸ் ஸ்போக்கன் ஹியர்' என்றால் தேவையில்லை. பட்டாசு ஆலைச் செய்தி என்றால் எது என்று அவர்களே வாதாடட்டும். பாடத்திட்டம் முடியாது என்பீர்கள். இரண்டு பீரியட் போதும், வீட்டில் டியூஷன் பிள்ளைகளை வைத்து நடத்திப் பார்த்துவிட்டேன். இரண்டு மார்க்கும் வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு பையன் மூன்றாவதை எழுதிவிட்டு, 'சார், அடுத்த பேப்பர்ல வருமா?' என்று கேட்டான். பார்க்கலாம் என்றேன். தினமும் வந்து பேப்பரைப் புரட்டிவிட்டுப் போகிறான்.

பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் யாருக்காவது வேண்டுமென்றால், பதினைந்து வாக்கியங்களை இரண்டு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கண் இப்போது முன்போல் இல்லை.